தண்ணீர் ஊற்றும் முன் முட்டையை நிறுத்துப் பாருங்கள்: டெல்டா வீடுகளில் இன்குபேட்டர் வைத்துக் குஞ்சு பொரிக்க முழு வழிகாட்டி

நான் முதன்முதலாக இன்குபேட்டரில் முட்டை வைத்தது ஓர் ஐப்பசி மாதம். வெளியே அடைமழை. மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்போது துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அந்த ஈரத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ குளிர்நாட்டுக்காரர் எழுதிய குறிப்பை நம்பித் தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். 24 முட்டையில் 7 குஞ்சுதான் வந்தது. மீதியை 23ஆம் நாள் உடைத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் முழுதாக வளர்ந்த குஞ்சு, கொழகொழவென்று ஊறிச் செத்திருந்தது. எட்டிப் பார்த்த அப்பாயி, "கோழி என்ன குடத்தோடயா அடைக்கு உக்காருது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சரியான கேள்வி. பதில் தெரிய எனக்கு இன்னும் மூன்று ஈடு முட்டை செலவானது. நீங்கள் அதை மிச்சப்படுத்தலாம்.

பெட்டி

கடையில் வாங்குவதோ வீட்டில் செய்வதோ, எதுவானாலும் உள்ளே காற்றாடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காற்றாடி இருந்தால் பெட்டி முழுக்க ஒரே சூடு, 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் வைத்தால் போதும். இல்லாவிட்டால் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. அப்போது முட்டையின் மேல்மட்டத்தில் தெர்மாமீட்டரை வைத்து 38.3 முதல் 38.9 வரை காட்ட வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர் காற்றாடி உள்ளதையே வாங்குங்கள்.

செய்கிறவர்களுக்கு மீன் ஐஸ் வைக்கும் கனமான தெர்மாகோல் பெட்டி அருமையானது. நன்றாகக் கழுவி நாலு நாள் வெயிலில் காயவிட்டால் வாடை போய்விடும். ஒரு 12 வோல்ட் காற்றாடி, டபிள்யூ 1209 என்று கேட்டால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கொடுக்கும் சின்ன தெர்மோஸ்டாட் போர்டு, சூட்டுக்குக் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது, அது போதிய சூடு தராது. 100 வாட் பல்பு ஒன்றைவிட 40 வாட் பல்பு இரண்டு மேல்; நடுராத்திரி ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது பெட்டியைத் தாங்கும். பல்பு வயர் தண்ணீர்த் தட்டுக்கு மேலே தொங்கக் கூடாது. குஞ்சு அலகுக்கு எட்டாதபடி பல்பைக் கம்பிவலைக்குப் பின்னால் வையுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் நம் ஊரில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தெர்மோஸ்டாட்டுக்குச் சூடாக்கத் தெரியும். குளிர வைக்கத் தெரியாது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் 40 டிகிரி ஏறினால், பல்பு அணைந்தே கிடந்தாலும் பெட்டிக்குள்ளும் அதே 40தான், அதற்கும் மேல்தான். ஓட்டு வீட்டின் உள்ளறையோ, காங்கிரீட் வீட்டில் மேல்தளம் வெயில் தாங்கும்படியான கீழ் அறையோதான் சரி. ஜன்னல் வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேரே படக் கூடாது. பங்குனி பாதி முதல் வைகாசி வரை முட்டை வைப்பதை நான் விட்டுவிட்டேன். எனக்குத் தை, மாசி இரண்டும்தான் ராசியான மாதங்கள்.

முட்டை வைக்குமுன் வெறும் பெட்டியை ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். போர்டு காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கும். நமக்கு வேண்டிய சூட்டில் அது துல்லியமானது. வெதுவெதுப்பான நீரில் அதன் முனையையும் போர்டின் சென்சாரையும் சேர்த்துப் பிடித்து, எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈரப்பதமானிக்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு மூடியில் உப்பைப் போட்டுச் சேறுபோல நனைத்து, மானியோடு சேர்த்து இறுக மூடும் டப்பாவில் எட்டு மணி நேரம் வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 81 காட்டினால் உங்கள் மானி 6 கூட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான். வேதாரண்யம் உப்புக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

முட்டை

எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் பெரும்பாலும் கருக்கூடும். சிறுவிடையோ பெருவிடையோ, எந்த இனமானாலும் ரொம்பப் பெரியது, ரொம்பச் சின்னது, கோணல், ஓடு மெலிந்தது ஆகியவற்றைக் கழித்துவிடுங்கள். மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்க இரண்டு முட்டையை மெல்லத் தட்டிப் பாருங்கள்; விரிசல் விட்டது சொத்தைச் சத்தம் போடும்.

முட்டையைக் கழுவ வேண்டாம். ஓட்டின் மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, கிருமியைத் தடுப்பது அதுதான். காய்ந்த அழுக்கை மட்டும் நகத்தால் சுரண்டலாம். மழைக்காலத்தில் கோழி சேற்றுக் காலோடு ஏறி மிதித்துவிடும். முட்டையிடும் பானையில் வைக்கோலை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றினால் பாதி அழுக்கு குறையும்.

முட்டையைச் சேர்த்துவைக்க 15 முதல் 18 டிகிரிச் சூடு நல்லது, ஒரு வாரம்வரை தாங்கும் என்பார்கள். டெல்டாவில் அந்தச் சூடுள்ள இடம் எந்த வீட்டில் இருக்கிறது? 30 டிகிரி அறையில் கிடக்கும் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து, அப்படியே பட்டுப்போகும். அதனால் இங்கே மூன்று, நான்கு நாள்தான் கணக்கு. மண்சட்டியில் உலர்ந்த மணலில் கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தி, அந்தச் சட்டியை ஈர மணல் நிறைந்த பெரிய சட்டிக்குள் வைத்தால் கொஞ்சம் குளுமை கிடைக்கும். ஃபிரிட்ஜ் வேண்டாம். வெளியூரிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வந்த முட்டையாக இருந்தால் ஒரு நாள் அசையாமல் நிறுத்திவையுங்கள்.

வைக்கும் நாள்

முட்டை வைக்கும் நாளை முதல் நாள் என்று எண்ணாதீர்கள், அது பூஜ்யம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைத்தால் மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமைதான் 21ஆம் நாள். 7ஆம் நாளும் 14ஆம் நாளும் வெள்ளி, 18ஆம் நாள் செவ்வாய். இப்படி வைத்துக்கொண்டால் காலண்டரே தேவையில்லை. வான்கோழிக்கும் வாத்துக்கும் 28 நாள், காடைக்கு 17 அல்லது 18 நாள். ஆகவே ஒரே பெட்டியில் கலக்க வேண்டாம்.

வைக்குமுன் ஒவ்வொரு முட்டையையும் டிஜிட்டல் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதுங்கள். பேனா மை வேண்டாம். எந்தப் பக்கம் திருப்பினோம் என்று தெரிய, ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போடுங்கள்.

கையால் திருப்புகிறவர்கள் ஒரு நாளைக்கு மூன்று முறை அல்லது ஐந்து முறை திருப்ப வேண்டும். ஒற்றைப்படை எதற்கென்றால், இரவின் நீண்ட நேரம் இன்று ஒரு பக்கம், நாளை மறுபக்கம் என்று மாறி வரும். திருப்பாவிட்டால் கரு மேலே மிதந்து சவ்வில் ஒட்டிக்கொள்ளும். முதல் வாரத்தில் இது மிக முக்கியம். ஒரே திசையில் உருட்டிக்கொண்டே போகாமல், போன பக்கமே திரும்பி வாருங்கள். தானே திருப்பும் தட்டு இருந்தால் இந்தப் பாடில்லை.

தண்ணீர்

இனிதான் விஷயம்.

புத்தகக் கணக்குப்படி முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீத ஈரப்பதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. இந்த எண்களில் குற்றமில்லை. அதற்காகத் தட்டு நிறையத் தண்ணீர் வை என்பதுதான் நம் ஊருக்கு ஒத்துவராதது. முட்டைக்குள் இருக்கும் நீரில் ஒரு பகுதி 18 நாளில் ஓட்டின் நுண்துளை வழியே ஆவியாகிப் போக வேண்டும். போன இடத்தில்தான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிறது. 19, 20ஆம் நாளில் குஞ்சு உள்சவ்வைக் கிழித்து முதல் மூச்சை அந்த அறையிலிருந்துதான் எடுக்கும். வெளியே ஈரம் அதிகமானால் நீர் போகாது, அறை சின்னதாகவே இருக்கும், குஞ்சும் ஊதிப்போய்த் திரும்ப இடமில்லாமல் கிடக்கும். என் ஐப்பசிக் குஞ்சுகளுக்கு நடந்தது அதுதான்.

காற்று சூடாக ஆக அதற்கு நீராவியைத் தாங்கும் திறன் கூடும். அதனால் அதே காற்றின் ஈரப்பத சதவீதம் குறையும். வெளியே 28 டிகிரி, 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சாதாரண ஐப்பசி நாள். அந்தக் காற்று பெட்டிக்குள் 37.7 டிகிரிக்குச் சூடானால் கிட்டத்தட்ட 49 சதவீதத்தில் நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே! முட்டையிலிருந்து வரும் ஆவியும் சேர்ந்தால் 50ஐத் தாண்டிவிடும். தட்டில் தண்ணீரும் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மார்கழி விடியற்காலையை எடுத்துக்கொள்ளுங்கள். பனி கொட்டுகிறது, 22 டிகிரி, 90 சதவீதம். எல்லோரும் அதுதான் ரொம்ப ஈரம் என்று நினைப்போம். அந்தக் காற்றைப் பெட்டிக்குள் சூடாக்கினால் 36 சதவீதம்தான் வரும். அப்போதுதான் உண்மையில் தண்ணீர் வேண்டும்.

ஆக, மாதத்தைப் பார்த்தும் ஊற்ற முடியாது, ஜன்னலுக்கு வெளியே பார்த்தும் ஊற்ற முடியாது. தராசைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். 18 நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் குறைய வேண்டும். 12 என்று வைத்துக்கொள்வோம். 45 கிராம் நாட்டு முட்டை பத்து சேர்ந்தால் 450 கிராம். ஏழாம் நாள் 429, பதினாலாம் நாள் 408, பதினெட்டாம் நாள் 396. நாளொன்றுக்கு மொத்தத்தில் 3 கிராம். ஏழாம் நாள் 436 காட்டினால் ஈரம் அதிகம். தண்ணீரை எடுத்துவிட்டுப் பெட்டியின் மேலுள்ள காற்றுத் துளைகளைத் திறந்துவிடுங்கள். 418 என்றால் காய்கிறது. ஒரு சின்னக் கிண்ணம் சேருங்கள். ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடுங்கள்.

தண்ணீரின் ஆழத்தால் ஈரம் கூடாது, பரப்பால்தான் கூடும். ஒரு டம்ளர் நிறைய வைப்பதைவிட ஒரு தட்டையான சோப்பு டப்பா அதிகம் வேலை செய்யும். ஊற்றுவது வெதுவெதுப்பான நீராக இருக்கட்டும். மழைக்காலத்தில் அதே அறையில் துணி காயப்போட்டாலும், பக்கத்திலேயே நெல் அவித்தாலும் ஈரமானி எகிறும். ஒருமுறை கொடியை மாற்றிக் கட்டியதிலேயே என் பெட்டியில் 5 சதவீதம் இறங்கியது.

ஈரப்பதத்தைக் கூட்டுவதற்காகக் காற்றுத் துளையை அடைப்பவர்கள் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். வளரும் கருவுக்கு மூச்சுக் காற்று வேண்டும், கடைசி வாரத்தில் இன்னும் அதிகமாக.

டார்ச் அடித்துப் பார்ப்பது

இருட்டறை, செல்போன் டார்ச், நடுவில் ஓட்டை போட்ட அட்டைத் துண்டு. அகன்ற முனையை ஓட்டையில் வைத்துப் பாருங்கள். ஏழாம் நாள் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியும் அதைச் சுற்றி இலை நரம்புபோலச் சிவப்பு இழைகளும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தால் கருக்கூடாதது. நரம்பில்லாமல் ஒரு ரத்த வளையம் மட்டும் இருந்தால் ஆரம்பத்திலேயே இறந்தது. இந்தக் கூமுட்டைகளை எடுத்துவிடுங்கள். பெட்டிக்குள் வெடித்தால் அந்த நாற்றம் ஒரு வாரத்துக்கு வீட்டை விட்டுப் போகாது. சந்தேகமாக இருப்பதைப் பதினாலாம் நாள்வரை விட்டுவைக்கலாம். அன்று காற்றறை தவிர மற்றதெல்லாம் இருண்டு, சில சமயம் உள்ளே உதைப்பதும் தெரியும்.

கரண்ட்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தி மதியத்துக்கு மேல்தான் கரண்ட் விடும் நாட்கள் உண்டு. பயப்பட வேண்டாம். அடைக்கோழியும் இரை எடுக்கத் தினமும் இறங்கிப் போகத்தானே செய்கிறது. நாலைந்து மணி நேரம் ஆறினால் குஞ்சு கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவே. மார்கழியில் பெட்டியைப் போர்வையால் போர்த்தி, துளையை மட்டும் விட்டு, உள்ளே சுடுதண்ணீர் பாட்டில் ஒன்று வையுங்கள். கோடையில் நேர்மாறு: கடைசி வாரத்து முட்டைகள் தாமாகவே சூடு விடும், காற்றாடியும் நின்றிருக்கும். மூடியை விரலளவு திறந்து வையுங்கள். குளிர் தாமதிக்கும், சூடு கொன்றுவிடும். 40.5 டிகிரியில் அரை மணி நேரம் போனாலே பெரிய சேதம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எத்தனையோ கிராமங்களில் வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாளில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் காப்பாற்றாது. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் முட்டை வைப்பதானால் வீட்டில் ஒரு கோழி அடைக்கு உட்காரும் நேரமாகப் பார்த்து வையுங்கள். அவசரத்துக்குச் சில முட்டைகளையாவது அதன் அடியில் தள்ளலாம்.

அப்பாயி அடைக்கூடையில் ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் போடுவார், இடிக்கு முட்டை கெடாமல் இருக்க. முட்டையை இடி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. தெர்மோஸ்டாட் போர்டை என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன். கோடை இடியின்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

பதினெட்டாம் நாளிலிருந்து

செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. கடைசியாக ஒருமுறை நிறுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். காற்றறை முட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கும். திருப்பும் தட்டை எடுத்துவிட்டு, முட்டைகளைச் சுத்தமான சாக்குத் துண்டின் மேல் படுக்க வையுங்கள். செய்தித்தாள் வழுக்கும்; வழுக்கும் தரையில் பிறந்த குஞ்சுக்குக் கால் இரண்டும் அகன்றுபோகும்.

இப்போதுதான் தண்ணீரைக் கூட்ட வேண்டும். 18 நாளும் காயவிட்டது இதற்காகத்தான். 65 முதல் 70 சதவீதம் வரும்வரை நனைத்த பஞ்சோ கிண்ணமோ சேருங்கள். அப்புறம் மூடியைத் திறக்கவே கூடாது. ஓட்டில் குஞ்சு ஓட்டை போட்ட நேரத்தில் நீங்கள் திறந்தால், உள்ளிருக்கும் ஈரக் காற்று ஒரே மூச்சில் வெளியேறிவிடும், சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிவிடும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் கண்ணாடி வழியாகக் காட்டுங்கள்.

இருபதாம் நாள் வாக்கில் உள்ளேயிருந்து கீச்சுச் சத்தம் கேட்கும். பிறகு ஓட்டில் ஒரு நட்சத்திர விரிசல். அதற்குப்பின் பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. புதியவர்கள் தவறு செய்வது இங்கேதான். குஞ்சு மாட்டிக்கொண்டது என்று நகத்தால் உரிக்கப் போவார்கள். அது மாட்டிக்கொள்ளவில்லை. சவ்வில் ஓடும் ரத்தத்தையும் மீதி மஞ்சள் கருவையும் அது உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. முதல் ஓட்டையிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். ஒரு நாள் முழுக்கத் தாண்டியும் அசைவில்லாமல் சவ்வு பழுப்பாகக் காய்ந்திருந்தால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் தடவி, அலகைச் சுற்றிக் கொஞ்சம் உடைத்துவிடுங்கள். ரத்தம் தெரிந்தால் அத்தோடு நிறுத்துங்கள். நான் உதவி செய்து எடுத்தவற்றில் பாதிக்கு மேல் தேறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறந்த குஞ்சுகளை உடனே எடுக்க அவசரமில்லை. உள்ளிழுத்த மஞ்சள் கருவே 48 மணி நேரத்துக்குத் தாங்கும். மயிர் காய்ந்து பஞ்சுபோல ஆனபின் மொத்தமாக எடுக்கலாம்.

குஞ்சு வந்தபின்

அட்டை வளையத்துக்குள் உமி பரப்பி, மேலே சாக்கு விரித்து, குண்டு பல்பு தொங்கவிடுங்கள். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். குஞ்சுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு. முதலில் தண்ணீர் காட்டுங்கள், லேசாக வெல்லம் கரைத்து. தட்டில் கூழாங்கல் போட்டுவைத்தால் முங்கிச் சாகாது. நொய் நம் வீட்டில் இருக்கிறதே என்று நொய்யை மட்டும் போட்டால் கால் சூம்பும்; குஞ்சுத் தீவனம் வாங்கிப் போடுங்கள், நொய் அப்புறம் பார்க்கலாம்.

வெள்ளைக் கழிச்சலுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா அல்லது எஃப்-1 தடுப்பு மருந்து. குப்பியில் நூறு குஞ்சுக்கு இருக்கும், கலக்கிய மருந்து ஓரிரு மணி நேரம்தான் நிற்கும். அதனால் தெருவில் குஞ்சு வைத்திருக்கும் வீடுகளெல்லாம் சேர்ந்து ஒரே காலையில் போட்டுவிடுவது நல்லது. ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். அடுத்த தவணைகளை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தவர்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

அடைக்கோழி வீட்டில் இருந்தால் இந்த வேலையில் பாதி மிச்சம். பிறந்து இரண்டு நாளுக்குள், இருட்டியபின், அதன் அடியிலிருக்கும் முட்டைகளை எடுத்துவிட்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். விடிந்து பார்க்கையில் அது கெக்கெக்கென்று கூப்பிட்டு இரை காட்டிக்கொண்டிருக்கும். சில கோழி கொத்தும். விடியும்போது பக்கத்தில் இருங்கள்.

பொரிக்காத முட்டைகள்

23ஆம் நாள் மீதமிருப்பதைக் குப்பையில் எறியாமல் கொல்லைக்குக் கொண்டுபோய் உடைத்துப் பாருங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு செய்ய வேண்டிய வேலைதான். முழுக் குஞ்சு ஊதி, கொழகொழ நீரோடு இருந்தால் ஈரம் அதிகம். முழுக் குஞ்சு சவ்வு ஒட்டி வறண்டிருந்தால் ஈரம் குறைவு, அல்லது கடைசியில் யாரோ மூடியைத் திறந்திருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே நின்றுபோனவை நிறைய இருந்தால் முட்டை பழையது, இல்லாவிட்டால் சேர்த்துவைத்த இடம் சூடு. குஞ்சுகள் 19, 20ஆம் நாளிலேயே வந்து தொப்புள் சரியாக மூடாமல் இருந்தால் பெட்டிச் சூடு கூடுதல். 22, 23 வரை இழுத்தால் குறைவு.

நான் இதையெல்லாம் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி அறைக் கதவில் குத்திவைக்கிறேன். அந்த முதல் ஈட்டுக்கு அடுத்த வருஷ ஐப்பசித் தாளில் இப்படி இருக்கிறது: 24 முட்டை, கூமுட்டை 3, பதினெட்டு நாளும் தண்ணீர் இல்லை, எடைக் குறைவு 11.5 சதவீதம், குஞ்சு 18, உடைத்த மூன்றில் ஊறியது ஒன்று.